உயரமானவர்களும் கியர் லீவரும்: காலடியில் ஒரு நூறு வருட வரலாறு

சட்டைக்கு 38, 40, 42 என்று அளவு இருக்கிறது. செருப்புக்கு நம்பர் இருக்கிறது. சாதாரண சைக்கிளைக்கூட 22 அங்குலமா, 24 அங்குலமா என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், போதாததற்கு சீட்டை ஏற்றி இறக்கிக் கொள்ளலாம். ஆனால் அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் மோட்டார் பைக் மட்டும் ஒரே அளவில்தான் வருகிறது. ஐந்தடி மூன்று அங்குலக்காரரும் ஆறடி மூன்று அங்குலக்காரரும் அதே சீட்டில் உட்கார்ந்து, அதே ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து, அதே கியர் லீவரை மிதிக்க வேண்டும். வண்டிக்கு ஏற்றபடி மனிதன் மடங்கிக் கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்த ஏற்பாடு எப்போது வந்தது, யாராவது இதை மாற்றப் பார்த்தார்களா என்று தேடிப்போனால் சுவாரசியமான ஒரு கதை கிடைக்கிறது.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்த்துவிடலாம். பைக்கில் உட்காருபவரின் உடம்பு மூன்று இடத்தில் வண்டியோடு ஒட்டுகிறது: சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். உயரமானவரைப் படுத்தி எடுப்பது பெரும்பாலும் சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான். தொடை நீளம், முழங்காலுக்குக் கீழும் நீளம், ஆனால் மடக்க இடமில்லை. முழங்கால் மேலே ஏறி டேங்கின் விளிம்பில் இடிக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் காலை நீட்டி உதறத் தோன்றும்.

வலி மட்டும் என்றால் பொறுத்துக் கொள்ளலாம். பாதமும் நீளமாக இருப்பதால் ஃபுட்ரெஸ்டில் கால் வைத்தால் விரல் நுனி கியர் லீவரைத் தாண்டிப் போய்விடும். ஷூ அதற்கு அடியில் நுழையாது. பிரேக் பக்கம் இன்னும் மோசம். பெடல் உயரமாக இருந்தால் கணுக்காலை வளைத்து மிதிக்க முடியாது, முழுக் காலையும் தூக்கி மேலே வைத்துத்தான் அழுத்த வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். காலைத் தூக்கி வைக்க அரை நொடி ஆனால் 8 மீட்டர் போச்சு. ஒரு லாரியின் நீளம்!

ஆரம்பத்தில் இந்தத் தொல்லையே கிடையாது, ஏனென்றால் அப்போது கியர் காலில் இல்லை. முதல் தலைமுறை மோட்டார் சைக்கிள்களில் கியரே இல்லை. பிறகு கியர் வந்தபோது அதைக் கையால்தான் மாற்றினார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தபால் வீரர்கள் ஓட்டிய டிரையம்ஃப் மாடல் எச் வண்டியில் (1915) மூன்று கியர், பெட்ரோல் டேங்கின் பக்கவாட்டில் ஒரு நீளமான லீவர். அமெரிக்காவின் ஹார்லியிலும் கியர் கையில்தான், ஆனால் கிளட்ச் காலில்! கார் ஓட்டுவது போலத்தான். கை லீவருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நீளக் கையோ குட்டைக் கையோ, ஒரு சாண் முன்னே பின்னே இருந்தாலும் எட்டிவிடும். கால் அப்படி இல்லை. அது ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டிய உறுப்பு.

விதிவிலக்கு ஒன்று இருந்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்காட் வண்டியில் இரண்டு கியர்களை மாற்றக் கால்மிதி இருந்தது. ஒரு பக்கம் மிதித்தால் ஒன்று, மறுபக்கம் மிதித்தால் இன்னொன்று. இரண்டே கியர் என்பதால் அது முடிந்தது. மூன்று, நான்கு என்று கியர் கூடியபோது சிக்கல் வந்தது. கை லீவரை அப்படியே கால் லீவராக மாற்றினால், இரண்டாவது கியர் எந்த உயரத்தில் இருக்கிறது, மூன்றாவது எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாதம் துழாவ வேண்டும். அதைவிடக் கையே மேல்.

இதற்கு விடை கண்டுபிடித்தவர் ஹரோல்ட் வில்லிஸ். பர்மிங்ஹாமில் வெலோசெட் வண்டிகளைத் தயாரித்த குட்மேன் குடும்பத்துக் கம்பெனியின் எஞ்சினியர், தானே பந்தயமும் ஓட்டியவர். ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி பந்தயப் பாதையின் ஒரு சுற்று சுமார் 60 கிலோமீட்டர். ஊருக்குள் புகுந்து, மலையேறி இறங்கும் சாதாரண ரோடு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து கியர் போட்டுக்கொண்டிருந்தால் நேரமும் போகும், சில சமயம் ஆளும் போவார். 1928 வாக்கில் வில்லிஸ் உருவாக்கிய அமைப்பில், லீவரை ஒரு முறை தட்டினால் கியர் சரியாக ஒரு படி மட்டும் மாறும். காலை எடுத்ததும் லீவர் ஸ்பிரிங்கால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அடுத்த கியருக்கு மறுபடி அதே இடத்தில் ஒரு தட்டு. எந்த கியரில் இருந்தாலும் லீவர் இருக்கும் இடம் மாறாது, துழாவ வேண்டியதில்லை. அந்த வருட ஜூனியர் டிடியில் வெலோசெட்டுக்கு முதல் இரண்டு இடம். முதலிடம் அலெக் பென்னட், இரண்டாமிடம் வில்லிஸே. 1929ல் கேடிடி என்ற பெயரில் பந்தய வண்டியைப் பொதுமக்களுக்கே விற்றார்கள். சில வருடங்களில் மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்துவிட்டன. இன்று நாம் 'டக்' என்று தட்டும் கியர் லீவரின் தாத்தா அதுதான்.

இங்கேதான் உயரமானவர்களுக்கு ஏழரை ஆரம்பித்தது என்று சொல்லலாம். லீவர் நகரும் தூரம் மிகக் குறைவு என்பதால் பாதத்தை ஃபுட்ரெஸ்டிலிருந்து எடுக்கவே தேவையில்லை, கணுக்காலை மட்டும் அசைத்தால் போதும். கண்டுபிடிப்பின் அழகே அதுதான். ஆனால் அதன் மறுபக்கம், ஃபுட்ரெஸ்டுக்கும் லீவருக்கும் உள்ள தூரம் ஓட்டுபவரின் உள்ளங்கால் நடுவிலிருந்து கட்டைவிரல் வரை உள்ள நீளத்தோடு பொருந்தியாக வேண்டும். முன்பு வண்டிக்குத் தெரிய வேண்டியிராத ஓர் அளவு இப்போது வண்டிக்குள் வந்துவிட்டது. யாருடைய பாதத்தின் அளவு?

அந்தக் காலத்து பிரிட்டிஷ் கம்பெனிகள் இந்தக் கேள்விக்கு ஓரளவு நியாயமாகவே பதில் சொன்னார்கள். பல வண்டிகளில் ஃபுட்ரெஸ்டை இறுக்கும் நட்டைத் தளர்த்தி, கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ திருப்பி மறுபடி இறுக்கிக் கொள்ளலாம். கியர் லீவரும் பல் வெட்டிய ஷாஃப்டில் மாட்டியிருக்கும், ஒரு பல் மேலே, ஒரு பல் கீழே என்று வைத்துக் கொள்ளலாம். ஆனால் இதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொண்டு வண்டி கட்டியவர் ஒருவர்தான். அவர் பெயர் ஃபிலிப் வின்சென்ட்.

வின்சென்டின் அப்பா அர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். மகன் ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார், படிப்பைவிட மோட்டார் சைக்கிள் மேல்தான் கண். 1928ல் அப்பாவின் பணத்தில் எச்ஆர்டி என்ற நொடித்துப்போன பிராண்டின் பெயரை வாங்கினார். ஹோவர்ட் டேவிஸ் என்பவர் ஆரம்பித்த பிராண்ட் அது. தன் சொந்த வண்டியிலேயே 1925 சீனியர் டிடியை ஜெயித்தவர் அவர். ஆனால் ரேஸில் ஜெயிப்பது வேறு, லாப நஷ்டக் கணக்கில் ஜெயிப்பது வேறு. (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.) லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜில் வின்சென்ட் தொழிற்சாலை போட்டார். ஃபில் இர்விங் என்ற ஆஸ்திரேலிய எஞ்சினியர் வந்து சேர்ந்தார். பின்னாளில் 1966ல் ஜாக் பிரபாம் ஃபார்முலா ஒன் பட்டம் வெல்லக் காரணமான ரெப்கோ எஞ்சினை வடிவமைத்தவரும் இதே இர்விங்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946ல் இவர்கள் வெளியிட்ட 1000 சிசி ராப்பிட் வண்டியைப் பற்றி வேகக் கதைகள்தான் அதிகம் பேசப்படுகின்றன. அது எவ்வளவு ஓட்டுபவரை நினைத்துச் செய்யப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஸ்பேனர் இல்லாமலே பின் சக்கரத்தைக் கழற்றலாம். ஆக்ஸிலிலேயே ஒரு சின்னக் கைப்பிடிக் கம்பி இருக்கும், திருகினால் போதும். அதே மனோபாவம் காலடியிலும் இருந்தது. ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், கியர் லீவர், சீட் எல்லாவற்றையும் தனித்தனியே ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப மாற்றி வைத்துக் கொள்ளலாம்.

'தனித்தனியே' என்பதுதான் இதில் முக்கியமான வார்த்தை. ஃபுட்ரெஸ்டை மட்டும் ஓர் அங்குலம் கீழே இறக்கினால் முழங்காலுக்கு நிம்மதி. ஆனால் லீவரும் பிரேக் பெடலும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், அவை இப்போது பாதத்துக்கு ஓர் அங்குலம் மேலே இருக்கும். முழங்கால் வலியைக் கொடுத்து, கணுக்கால் வலியை வாங்கிய கதைதான். மூன்றும் சேர்ந்து நகர்ந்தால்தான் அது சரிசெய்தல், இல்லையென்றால் இடமாற்றம்.

வின்சென்ட் பற்றிப் பேசினால் ஒரு போட்டோவைச் சொல்லாமல் போக முடியாது. 1948 செப்டம்பர் 13ம் தேதி அமெரிக்காவின் போனவில் உப்புப் பாலைவனத்தில் ரோலி ஃப்ரீ என்பவர் ஒரு வின்சென்டை மணிக்கு 150.313 மைல் (சுமார் 242 கிலோமீட்டர்) வேகத்தில் ஓட்டினார். காற்றுத் தடையைக் குறைக்க, போட்டிருந்த தோல் ஆடையைக் கழற்றிப்போட்டு, நீச்சல் ஜட்டியோடு வண்டிமேல் குப்புறப் படுத்து, இரண்டு காலையும் பின்னால் நீட்டிக்கொண்டு. உலகத்திலேயே மிக வசதியாகக் காலடியை மாற்றி வைக்கக்கூடிய வண்டியின் மிகப் புகழ்பெற்ற படத்தில், ஓட்டுபவரின் கால் ஃபுட்ரெஸ்டிலேயே இல்லை!

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு பாகத்தை ஃபிரேமோடு வெல்டிங் செய்துவிட்டால் ஒரு வேலை. அதையே நகர்த்தும்படி செய்தால் தனியாக ஒரு துண்டு, அதற்குப் பல் வெட்ட வேண்டும், நட், போல்ட், வாஷர் வேண்டும், மாட்ட ஓர் ஆள் நேரம் வேண்டும். ஒரு வண்டியில் இது சில்லறை. ஆயிரக்கணக்கான வண்டியில் பெருக்கிப் பார்த்தால் சில்லறை இல்லை. வின்சென்ட் இப்படி எல்லாப் பாகத்திலும் பார்த்துப் பார்த்துச் செய்தார், விலையும் அதற்கேற்ப ஏறியது, வாங்குபவர்கள் குறைந்தார்கள். 1955 டிசம்பரில் வின்சென்ட் தொழிற்சாலை மோட்டார் சைக்கிள் தயாரிப்பை நிறுத்தியது. ஃபுட்ரெஸ்டால் ஒரு கம்பெனி மூழ்கியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பிழைத்திருந்த கம்பெனிகள் எதுவும் அந்த அளவுக்கு மெனக்கெடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன்பிறகு காலடியை மாற்றும் வேலை கம்பெனியிடமிருந்து வாங்கியவர் கைக்கு வந்தது. செலவும்தான். 1950களின் கடைசியிலும் 60களிலும் லண்டன் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளவட்டங்கள் ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, ஃபுட்ரெஸ்டைப் பின்னாலும் மேலேயும் தள்ளினார்கள். 'ரியர் செட்' என்று பெயர். குனிந்து வேகமாகப் போக வசதி, வளைவில் தரையில் உரசாது. உயரமானவருக்கோ இது நேர் எதிர்த் திசை, ஏற்கனவே மடங்கிய முழங்கால் இன்னும் மடங்கும். இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கியர் லீவரை ஷாஃப்டில் அப்படியே பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினால், முன்பு மேலே தூக்கினால் விழுந்த கியர் இப்போது கீழே மிதித்தால் விழும். எல்லாம் தலைகீழ்!

அதே காலத்தில் அமெரிக்காவில் காலை முன்பக்கம் நீட்டினார்கள். கலிஃபோர்னியாவின் சாப்பர் வண்டிகள், 1969ல் வந்த ஈஸி ரைடர் படம் என்று அது ஒரு மோகமாகப் பரவியது. ஹார்லியே 1980ல் வைட் கிளைட் என்ற மாடலில் காலடியை முன்னால் தள்ளிவைத்து விற்றது. ஸ்டைலுக்காக வந்த சமாச்சாரம் உயரமானவர்களுக்கு வரமாக அமைந்தது. காலை நீட்டி உட்காரலாம். ஆனால் குழியில் இறங்கும்போது ஃபுட்ரெஸ்டில் எழும்பி நிற்க முடியாது, அடி நேராக முதுகுத்தண்டில் விழும். நம் ஊர் ரோட்டில் இதை யோசித்துத்தான் மாட்ட வேண்டும்.

இதற்கிடையில் அரசாங்கமும் காலடிக்குள் வந்தது. பிரிட்டிஷ், இத்தாலிய வண்டிகளில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. ஜப்பானிய வண்டிகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஒருவன் ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பான். 1974 செப்டம்பர் 1 முதல் அமெரிக்காவில் விற்பதற்காகத் தயாரிக்கப்படும் எல்லா மோட்டார் சைக்கிளிலும் கியர் இடது, பிரேக் வலது என்று அந்நாட்டு அரசு விதி போட்டது. அமெரிக்கச் சந்தையை விட்டால் பிழைப்பு இல்லை. டிரையம்ஃப், நார்டன், டுகாட்டி எல்லாம் அவசர அவசரமாகக் குறுக்குக் கம்பி கொடுத்து லீவரை அந்தப் பக்கம் கொண்டு போனார்கள். ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர்கூட 1975ல் இப்படித்தான் மாறியது. இணைப்பு கூடக் கூட ஆட்டமும் கூடியது என்று பழைய வண்டிக்காரர்கள் இன்றும் குறைப்படுவார்கள்.

விதி எந்தக் கால் என்று சொன்னது. எவ்வளவு நீளமான கால் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் அமெரிக்க விதியின் காற்று தாமதமாகத்தான் அடித்தது. 1955ல் சென்னையில் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் தயாரித்த புல்லட்டில் பிரிட்டிஷ் பழக்கப்படி வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஒன்றாவது கியர் மேலே, மற்றது கீழே. குதிகாலால் மிதித்து நியூட்ரல் தேட இன்னொரு குட்டி லீவர் வேறு. மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவிலும், அதன் வாரிசான யெஸ்டியிலும் கியர் இடது பக்கம், அந்த லீவரே கிக்கரும்கூட. ஒரே வீட்டில் அண்ணனிடம் புல்லட்டும் தம்பியிடம் யெஸ்டியும் இருந்தால் வண்டியை மாற்றி எடுத்த நாளில் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். 2000களில்தான் புல்லட்டின் கியர் படிப்படியாக இடது பக்கம் வந்து சேர்ந்தது.

நம் ஊர் 100 சிசி வண்டிகளில் இன்னொரு பழக்கம் உண்டு. முன்னால் விரலுக்கு ஒரு மிதி, பின்னால் குதிகாலுக்கு ஒரு மிதி. செருப்போடு ஓட்டலாம், ஷூவின் மேல்பக்கம் தேயாது, ஆபீஸ் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் இரண்டு மிதிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு குறிப்பிட்ட பாத நீளத்துக்குத்தான். 11ம் நம்பர் ஷூக்காரர் கால் அதற்குள் எலிப்பொறியில் மாட்டிய மாதிரி நிற்கும். முன்பக்கம் மட்டும் உள்ள ஒற்றை லீவரை வாங்கி மாட்டிக் கொள்கிறவர்கள் பலர், காரணம் ஸ்டைல் மட்டுமல்ல.

கம்பெனிகளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸ் 1955லேயே தன் புத்தகத்தில் மனித உடம்பின் அளவுகளைப் படமாகப் போட்டுக் காட்டிவிட்டார். பொருள் வடிவமைக்கும் துறையில் பரவலான ஒரு வழக்கம், மிகக் குட்டையான 5 விழுக்காட்டையும் மிக உயரமான 5 விழுக்காட்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள 90 விழுக்காட்டுக்குப் பொருந்தும்படி செய்வது. வியாபாரக் கணக்கில் இது புத்திசாலித்தனம். இருபது பேரில் ஒருவராக விட்டுப்போன அந்த உயரமானவருக்கு மட்டும் அது புத்திசாலித்தனமாகத் தெரியாது.

வின்சென்ட் மூடி அறுபது வருடம் கழித்து அந்த யோசனை ஒரு பெரிய கம்பெனியின் ஷோரூமுக்குத் திரும்பி வந்தது. கவாசாகி 2015 மாடலாக வெளியிட்ட வல்கன் எஸ் என்ற 650 சிசி வண்டியில் ஃபுட்ரெஸ்டுக்கு மூன்று இடங்கள்: நடு, அதிலிருந்து 25 மில்லிமீட்டர் முன்னே, 25 மில்லிமீட்டர் பின்னே. லீவரும் பெடலும் கூடவே நகரும். சீட்டிலும் ஹேண்டில்பாரிலும்கூட வேறு அளவுகள் உண்டு. 'எர்கோ ஃபிட்' என்று பெயர் வைத்து, அதையே விளம்பரமாகவும் செய்தார்கள். ஸ்டீவனேஜில் சத்தமில்லாமல் கொடுத்தது இங்கே பெயர் வைத்து விற்பனைக்கு வந்தது. அதிலும் தவறில்லை, கொடுக்காமலே இருப்பதற்கு இது பரவாயில்லை.

மற்ற வண்டிக்காரர்களுக்கு மிச்சமிருப்பது அந்தப் பழைய பல் வெட்டிய ஷாஃப்ட்தான். லீவர் ஷாஃப்டிலேயே நேராக மாட்டியிருக்கும் வண்டிகளில், போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுத்தால்தான் லீவர் வரும், ஏனென்றால் அந்த போல்ட் ஷாஃப்டில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறது. பாதி தளர்த்திவிட்டு சுத்தியலால் தட்டினால் பல்தான் போகும். ஒரு பல் தள்ளி மாட்டினாலே நுனியில் கணிசமான உயர வித்தியாசம் தெரியும். பெரிய ஷூ போடுகிறவர் ஒரு பல் மேலே வைத்தால் விரல் நுழைய இடம் கிடைக்கும். ஃபுட்ரெஸ்டைக் கீழே இறக்கும் பிராக்கெட் வாங்கிப் போட்டவர் ஒரு பல் கீழே வைக்க வேண்டும், வளைவில் சாய்க்கும்போது முன்பைவிடச் சீக்கிரம் தரையில் உரசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பெடல் நிற்கும் இடத்தை ஒரு ஸ்டாப்பர் போல்ட் தீர்மானிக்கிறது. அதை மாற்றினால் பின்னால் பிரேக் கம்பியின் நட்டையும் திருகி, பெடலில் பழைய அளவு ஃப்ரீ பிளே விட வேண்டும், இல்லையென்றால் பிரேக் உரசிக்கொண்டே ஓடி டிரம் சூடாகும். அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி, அது பிரேக் லைட் ஸ்விட்ச். பெடலை இறக்கிவிட்டு இதை மறந்தால் லைட் எந்நேரமும் எரியும், பின்னால் வருபவருக்கு வண்டி எப்போது நிற்கப்போகிறது என்பதே தெரியாது.